அனிகட் துரையின் குடும்பம்

இங்கிலாந்தில் இன்றைக்கு யாரும் பேசாத இங்கிலீஷ் எனக்கு நன்றாக வரும். பெருமைக்குச் சொல்லவில்லை. அதனால் பட்ட அவமானங்களைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அந்தக் காலத்து துரைமார் கிளப்பில் சாய்ந்துகொண்டு உதிர்த்த சொற்றொடர்கள், அவற்றுக்கு என்ன அர்த்தம், எங்கிருந்து வந்தன என்கிற கதைகள், இவற்றையெல்லாம் சேர்த்துவைக்கிற பைத்தியம் எனக்குச் சின்ன வயதிலேயே பிடித்துவிட்டது. என்னோடு படித்தவர்களில் ஸ்டாம்பு சேர்த்தவன்கூடப் பிறகு அதை விற்றுக் காசு பார்த்தான். நான் சேர்த்ததைச் சும்மா கொடுத்தாலும் வாங்க ஆளில்லை. கொடுத்த இடத்திலெல்லாம் வம்பு.

முதல் வம்பு முக்கொம்பில் ஆரம்பித்தது. ஸ்ரீரங்கத்துப் பையன்களுக்கு முக்கொம்பு என்றால் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போய் ஆட்டம் போட்டுவிட்டு வருகிற இடம். காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிவது அங்கேதான். பிரிகிற இடத்தில் கொள்ளிடத்துக்குக் குறுக்கே ஆர்தர் காட்டன் என்ற துரை 1836இல் அணை கட்டினார் என்று வாத்தியார் சொல்லிக் கூட்டிப்போயிருந்தார். பலகையைப் பார்த்தால் இங்கிலீஷில் ‘அப்பர் அனிகட்’ என்று போட்டிருக்கிறது. காட்டன் ஒரு துரை என்றால் அனிகட்டும் ஒரு துரையாகத்தானே இருக்க வேண்டும்? கும்பகோணத்துக்கு அப்பால் அணைக்கரையில் இருப்பது லோயர் அனிகட் என்று பூகோளப் புத்தகம் சொன்னது. சரி, அப்பர் அனிகட் அண்ணன், லோயர் அனிகட் தம்பி. கரிகாலன் கட்டிய கல்லணைக்கு அதே புத்தகத்தில் ‘கிராண்ட் அனிகட்’ என்று போட்டிருந்தது. அவர் தாத்தா. வேறு எப்படி இருக்க முடியும்?

லீவுக்கு மெட்ராஸிலிருந்து வந்திருந்த அத்தை பிள்ளையிடம் இந்த அனிகட் வம்சத்தை விஸ்தாரமாகச் சொன்னேன். தாத்தா அனிகட்டுக்குக் கொஞ்சம் கால் தாங்கும் என்று கைச்சரக்கையும் சேர்த்துக்கொண்டேன். அவன் வாயைப் பிளந்துகொண்டு கேட்டான். கேட்டதோடு விட்டிருக்கலாம். ஊருக்குப் போய்ப் பரீட்சையில் எழுதியும் வைத்தான். அடி விழுந்தது அவனுக்கு. இன்றைக்கும் நான் ஏதாவது சொன்னால் ‘யாரு சொன்னா?’ என்று கேட்டுவிட்டுத்தான் மேலே பேசுவான்.

அணைக்கட்டு என்று நம் ஆட்கள் சொன்னதைக் காதில் வாங்கி துரைமார் எழுதிக்கொண்டதுதான் அனிகட் என்பது எனக்குத் தெரிந்தபோது மீசை முளைத்து நரைக்க ஆரம்பித்திருந்தது. கனமான இங்கிலீஷ் அகராதிகளில் அது ஒரு சொல்லாகவே ஏறி உட்கார்ந்திருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகம் வந்து சேர்ந்தது. அந்த ரென், பிரெஞ்சு அன்னியப் படையைப் பற்றி ‘போ ஜெஸ்ட்’ என்று 1924இல் ஒரு சாகச நாவல் எழுதிப் பேர் வாங்கியவர். இலக்கணத்திலும் சாகசம் இருந்தது, நாங்கள்தான் பிழைத்து வரவேண்டியிருந்தது. அதோடு கூட ‘நோட்ஸ்’ ஒன்று கிடைக்கும். இடப்பக்கம் சொற்றொடர், வலப்பக்கம் அர்த்தம். காரணம் கிடையாது, மனப்பாடம் மட்டும். ‘டு கேரி கோல்ஸ் டு நியூகாசில்’ என்றால் அனாவசியமான வேலை. நியூகாசில் நிலக்கரிக்குப் பேர்போன ஊர், அங்கேயே கரி கொண்டுபோவது கொல்லன் தெருவில் ஊசி விற்பது மாதிரி என்று ஒரு வரி யாராவது சொல்லியிருந்தால் தீர்ந்தது. சொல்லாததால் நானே காரணம் கண்டுபிடித்தேன். காசில் என்றால் கோட்டை. மலைக்கோட்டை மாதிரி ஒரு புதுக்கோட்டை. அடுப்புக்கரியை மேலே சுமந்துகொண்டு போனால் மூச்சு வாங்கும், ஆகவே அனாவசியம். பரீட்சைத் தாளில் இந்த விளக்கத்தை அரைப்பக்கம் எழுதினேன். வாத்தியார் அடிக்கவில்லை, திட்டவில்லை. ஓரத்தில் சிவப்பு மையால் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார். அந்தக் கேள்விக்குறியை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன் என்பதுதான் பின்னால் வந்த அத்தனைக்கும் காரணம்.

உத்தியோகம் கிடைத்த பிறகு விபரீதம் கூடியது. எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். மத்திய அரசு, மின்விசிறி, பச்சை மேஜைவிரிப்பு, அவ்வளவு போதும். எங்கள் குடும்பத்தில் ஒரு கல்யாணம். பத்திரிகையின் அச்சுப்படியைத் திருத்துகிற பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள், படித்தவன் என்று. நான் இங்கிலீஷ் பக்கத்தை அழகுபடுத்துவதில் மும்முரமாக இருந்தபோது தமிழ்ப் பக்கத்தில் சித்தப்பா பெயர் பெரியப்பா பெயருக்கு மேலே போய் உட்கார்ந்துவிட்டது. பெரியப்பா வீட்டார் கல்யாணத்துக்கு வந்தார்கள், சாப்பிட்டார்கள், என்னோடு மட்டும் பேசவில்லை. என்னால்தான் இத்தனை மனஸ்தாபம் என்று சித்தப்பா வீட்டாரும் பேச்சை நிறுத்தினார்கள். சித்திரை வீதியில் நான் போனால் திண்ணையில் இருந்தவர்கள் எழுந்து உள்ளே போனார்கள். தஞ்சாவூருக்கு மாற்றிக்கொண்டு போய்விடலாம் என்று மேலதிகாரிக்கு ஒரு விண்ணப்பம் எழுதினேன். காரணம் என்ற இடத்தில் என் சேகரிப்பிலிருந்து ஒரு முத்தை எடுத்துப் பதித்தேன். என் சுற்றத்தார் அனைவரும் சேர்ந்து என்னைக் ‘கோவென்ட்ரிக்கு அனுப்பிவிட்டார்கள்’.

ஒருவரை ஊரே சேர்ந்து பேச்சுவார்த்தை இல்லாமல் ஒதுக்கிவைப்பதை வெள்ளைக்காரன் அப்படித்தான் சொல்வான். எஸ்டாப்ளிஷ்மென்ட் செக்‌ஷனில் இருந்தவர் வெள்ளைக்காரன் இல்லை. மெமோ வந்தது. மேற்படி ஊழியர் கோவென்ட்ரிக்கு எந்தத் தேதியில் புறப்பட்டார்? அயல்நாடு செல்ல முன்அனுமதி பெற்றாரா? பயணச் செலவை ஏற்ற உறவினர்கள் யார், அவர்களுக்கும் இவருக்கும் என்ன முறை?

அப்போதாவது வாயை மூடிக்கொண்டு மன்னிப்பு எழுதியிருக்கலாம். எனக்கோ அந்தச் சொல்லின் பூர்வீகத்தை விளக்க ஒரு சந்தர்ப்பம் கிடைத்த குஷி. பதில் எழுதினேன். 1640களில் இங்கிலாந்தில் மன்னர் கட்சிக்கும் பார்லிமென்ட் கட்சிக்கும் உள்நாட்டுப் போர் நடந்தது. பர்மிங்ஹாமில் சிக்கிய மன்னர் கட்சி ஆட்களைக் கைதிகளாகக் கோவென்ட்ரிக்கு அனுப்பினார்கள். அது பார்லிமென்ட் கட்சி ஊர். அங்கே ஒருத்தரும் அவர்களுக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. கனம் பொருந்திய அலுவலகம் இதைக் கருத்தில் கொள்ள வேண்டியது. முத்துமுத்தான கையெழுத்தில் முழுநீளத் தாள் நிறைய எழுதினேன்.

செக்‌ஷனில் அதைப் படித்தவர் ‘கைதி’ என்ற இடத்தில் மட்டும் இரண்டு கோடு இழுத்திருந்தார். அடுத்த மெமோ. எந்தத் தேதியில் கைது, எந்தக் காவல் நிலையம், எத்தனை மணி நேரம்? அரசு ஊழியர் 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தால் தானாகவே சஸ்பெண்ட் ஆனதாகக் கருதப்படுவார் என்று விதி இருக்கிறது. கோவென்ட்ரியில் நான் இல்லாத சிறையில் எத்தனை நாள் இருந்தேன் என்று கணக்குக் காட்டவேண்டிய கட்டம் வந்துவிட்டது. ராத்திரி தூக்கம் போயிற்று.

ஹெட் கிளார்க் ஒருவர் காப்பாற்றினார். லால்குடியிலிருந்து தினமும் ரயிலில் வருகிறவர், வாயில் எப்போதும் வெற்றிலை. ‘உமக்கு எதுக்கு ஓய் இந்த சரித்திரமெல்லாம்? தட்டச்சுப் பிழை, கோவென்ட்ரி அல்ல, கோயம்புத்தூர்னு படிச்சுக்கவும்னு ஒத்த வரி எழுதும்’ என்றார். எழுதினேன். ஃபைல் அன்றைக்கே மூடப்பட்டது. ஆனால் கோயம்புத்தூர் போனதற்கு நான் லீவு எழுதிக்கொடுக்கவில்லை என்று கண்டுபிடித்து, என் கணக்கில் கேஷுவல் லீவைக் கழித்துக்கொண்டார்கள். மாறுதல் வரவில்லை. பெரியப்பா வீட்டாரும் சித்தப்பா வீட்டாரும் எனக்கு எதிராக ஒன்றுசேர்ந்ததில் அவர்களுக்குள் இருந்த மனஸ்தாபம் தீர்ந்துபோனதுதான் ஒரே லாபம்.

உச்சரிப்பிலாவது பிழைத்தேனா என்றால் அதுவும் இல்லை. ஜங்ஷன் பக்கம் வெள்ளைக்காரப் பட்டாளம் இருந்த இடத்தைத் திருச்சியில் கன்டோன்மென்ட் என்கிறோம். பிரிட்டிஷ்காரர்கள் அதைக் கன்டூன்மென்ட் என்றுதான் சொல்வார்கள் என்று எங்கோ படித்தேன். படித்த மறுநாள் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறி, ‘ஒரு கன்டூன்மென்ட்’ என்றேன். கண்டக்டர் நிமிர்ந்து பார்த்தார். ‘அப்படி ஸ்டாப்பிங் கிடையாது சார்.’ இருக்கிறது என்றேன். ‘நான் இந்த ரூட்ல எத்தனை வருஷமா ஓட்டுறேன், எனக்குத் தெரியாதா? சத்திரத்துல எறங்கி விசாரிச்சுக்கங்க’ என்று சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கே டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டார். இறங்கினேன். அங்கிருந்து மெயின்கார்டு கேட் வழியாக நடந்தேன். கோட்டைக்குக் காவல் நின்ற பட்டாளத்தின் பிரதானக் காவல் இருந்த வாசல் அது, அதனால் மெயின் கார்டு. நான் நெடுநாள் அதை ரயில்வே கார்டு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் கோட்டை ஸ்டேஷன் இருக்கிறதே, கார்டுகளில் மூத்தவர் அங்கே குடியிருந்திருப்பார் என்று.

பொன்மலைக்கு நாகப்பட்டினத்திலிருந்து ரயில்வே பட்டறை 1928இல் வந்தது. அதோடு கூட ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களின் ஒரு காலனியும் வளர்ந்தது. ரிடையரான எஞ்சின் டிரைவர் ஒருவர் அங்கே எனக்குப் பழக்கம். ரேடியோ ரிப்பேர் செய்வார். இதைத் திருகு, அதை அழுத்து என்று சொல்லிக்கொண்டே வந்து கடைசியில், ‘அண்ட் பாப்ஸ் யுவர் அங்கிள்!’ என்றார். நான் மரியாதையாக, ‘இல்லை சார், எங்கள் மாமா பெயர் ரங்கநாதன்’ என்றேன். ஸ்ரீரங்கத்தில் பாதிப்பேருக்கு அதுதானே பெயர், அவருக்கு அதில் சந்தேகம் வர நியாயமில்லை. அவர் ரேடியோவை அணைத்துவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவ்வளவுதான், காரியம் முடிந்தது என்று அர்த்தமாம். பாப் யார் என்று அவருக்கும் தெரியவில்லை.

பாப்பைத் தேடிப் பிடித்தேன். பிரதம மந்திரி சாலிஸ்பரி பிரபுவின் இயற்பெயர் ராபர்ட். ராபர்ட்டைச் சுருக்கினால் பாப். அவர் 1887இல் தன் மருமகன் ஆர்தர் பால்ஃபரைத் தூக்கி அயர்லாந்தின் தலைமைச் செயலர் பதவியில் உட்காரவைத்தார். மாமா பெயர் பாப் என்றால் எந்த வேலையும் சுலபம் என்று ஜனங்கள் கேலி பேசினார்கள், அதுதான் சொற்றொடராயிற்று. எப்பேர்ப்பட்ட கதை! நம் ஊர் அரசியல்வரைக்கும் பொருந்துகிறது. ஒரு கல்லூரி விழாவில் என்னைப் பேசக் கூப்பிட்டபோது இதை எடுத்துவிட்டேன். கைதட்டல் வந்தது. கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். கையில் போன். ‘சார், 1887ல நடந்ததுக்கு, 1920கள் வரைக்கும் யாருமே அந்த வார்த்தைய எழுதின ரெக்கார்டு இல்லையே, அது ஏன் சார்?’

‘அந்தக் காலத்தில் தபால் மெதுவாகத்தான் போகும்மா’ என்று சிரிக்கவைக்கப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. நன்றியுரை சொன்னவர் என் பேச்சை ‘சுவாரசியமான கற்பனை’ என்றார்.

அந்தப் பெண் அன்றைக்குக் கேட்டதைத்தான் நான் இத்தனை வருஷம் கேட்காமல் இருந்திருக்கிறேன். இந்தப் பூர்வீகக் கதைகளில் தித்திப்பு எவ்வளவோ அவ்வளவு சந்தேகம் வேண்டும். எனக்குத் தித்திப்பு மட்டும்தான் தெரிந்தது. கேட்டபிறகாவது திருந்தினேனா? பேத்தியிடம் போய், மழை கொட்டுவதை ‘பூனையும் நாயுமாகப் பெய்கிறது’ என்று இங்கிலீஷில் ஏன் சொல்கிறார்கள் தெரியுமா என்று ஆரம்பித்தேன். பழைய இங்கிலாந்தில் எல்லாம் கூரைவீடு. குளிருக்குப் பூனையும் நாயும் கூரைக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். மழை வலுத்தால் வைக்கோல் வழுக்கித் தொப்பென்று விழும். அவள் யோசித்தாள். ‘தாத்தா, பூனை ஏறும். நாய் எப்படிக் கூரை மேல ஏறும்?’

திருவானைக்கா பக்கத்துத் தோப்பில் இன்னும் கீற்றுக்கொட்டகைகள் இருக்கின்றன. அன்று மாலை அங்கே போய் நின்று பார்த்தேன். நாய்கள் நிழலில் படுத்திருந்தன, ஒன்றுகூட அண்ணாந்து பார்க்கவில்லை. அந்தக் கூரைக்கதை 1999 வாக்கில் இமெயிலில் உலகம் சுற்றிய ஒரு புரளி என்று பிறகு தெரிந்தது. சொற்றொடர் என்னவோ பழையதுதான், ஜொனதன் ஸ்விஃப்ட் 1738இலேயே அச்சில் போட்டிருக்கிறார். கூரைதான் புதிது.

இந்தச் சேகரிப்பில் எனக்கு வேதப்புத்தகம் ‘ஹாப்சன் ஜாப்சன்’. நம் நாட்டில் இருந்த வெள்ளைக்காரர்கள் நம் சொற்களை வாயில் போட்டு மென்று துப்பியதையெல்லாம் பொறுக்கிச் சேர்த்த அகராதி, 1886இல் வந்தது. சேர்த்தவர்கள் இருவர். கர்னல் ஹென்றி யூல் ஒருவர். மற்றவர் ஏ. சி. பர்னல், தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்தவர், அரண்மனை நூலகத்துச் சம்ஸ்கிருதச் சுவடிகளுக்கு அட்டவணை போட்டவர். புத்தகம் அச்சாகி வருவதற்குள், 1882இலேயே, அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். இவ்வளவும் எனக்குத் தெரியும். தலைப்பு மட்டும் தெரியாது. ஆனால் தெரிந்தமாதிரி ஒரு விளக்கம் வைத்திருந்தேன். கேம்பிரிட்ஜில் தாமஸ் ஹாப்சன் என்று ஒருவர் குதிரை வாடகைக்கு விட்டார், 1631இல் இறந்தார். எவ்வளவு பெரிய மனிதர் வந்து கேட்டாலும் லாயத்து வாசலை ஒட்டி நிற்கிற குதிரையைத்தான் கொடுப்பார். வேண்டுமானால் எடு, இல்லையேல் நட. அதனால்தான் ‘ஹாப்சன்ஸ் சாய்ஸ்’. அந்த ஹாப்சனும் அவருடைய கூட்டாளி ஜாப்சனும்தான் இந்த அகராதிக்குப் பெயர் கொடுத்தவர்கள்.

நத்தர்வலி தர்கா பக்கத்தில் வீடு உள்ள ஒரு சிநேகிதர் இதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார். ‘பாய், அது குதிரைக்காரன் இல்ல. மொஹரம்ல மார்ல அடிச்சுக்கிட்டு யா ஹசன், யா ஹுசைன்னு கத்துறது அவன் காதுல அப்படி விழுந்திருக்கு.’ புத்தகத்தின் முன்னுரையைப் பிரித்தேன். அகராதிக்குள் அந்தச் சொல்லையே எடுத்துப் பார் என்றது. பார்த்தேன், அதேதான் இருந்தது. நான் முன்னுரை படிப்பதில்லை.

எனக்கு அன்றைக்குக் கொஞ்சம் கோபமே வந்தது. யா ஹசனை ஹாப்சன் என்று கேட்டவன், திருச்சிராப்பள்ளியை டிரிச்சினாப்பொலி என்று கேட்டவன், கொள்ளிடத்தைக் கோலரூன் என்று கேட்டவன், அவன் காதுக்கு என்ன மரியாதை! அவன் தப்பாகக் கேட்டால் அது அகராதி. நான் தப்பாகக் கேட்டால் மெமோ.

அந்த அகராதியில் ஆராய்ச்சி செய்து குடும்பத்தில் இருந்த மிச்ச மரியாதையையும் தொலைத்தேன். டிபன் என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்ரீரங்கத்தில் அதைவிட ஆசாரமான சொல் உண்டா? ஏகாதசியன்றுகூடப் பெரியவர்கள் ‘சாதம் கிடையாது, டிபன்தான்’ என்று சொல்லிவிட்டு விரதத்தைக் காப்பாற்றிக்கொள்கிறார்கள். அது இங்கிலாந்தில் ‘டிஃபிங்’ என்று இருந்த கொச்சைச் சொல். வேளை கெட்ட வேளையில் ஒரு வாய் சரக்கு ஊற்றிக்கொள்வது என்று அர்த்தம். கப்பலேறி இங்கே வந்து மத்தியான ஆகாரமாகி, பிறகு இட்லி தோசையாயிற்று. பேச்சுவார்த்தை மறுபடி ஆரம்பித்த புதிதில், ஒரு ஏகாதசி அன்று ரவா உப்புமாவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெரியப்பாவிடம் இதைச் சொன்னேன். அவர் தட்டைத் தள்ளிவைத்தார். பெரியம்மா சமையலறையிலிருந்து வந்து, ‘இவன் வாயில நல்லதே வராதா?’ என்றாள். அதிலிருந்து அந்த வீட்டில் அது பலகாரம்.

கட்டுமரத்திலிருந்து வந்த ‘கட்டமரான்’ என்ற சொல்லுக்கு 19ஆம் நூற்றாண்டு இங்கிலீஷில் சண்டைக்காரி என்றும் ஓர் அர்த்தம் இருந்தது. இதையும் வீட்டில் சொன்னேன். விவரம் வேண்டாம்.

சுருட்டு விஷயத்தில் மட்டும் ஜெயித்துவிடலாம் என்று நினைத்தேன். நம் சுருட்டுதான் இங்கிலீஷில் ‘செரூட்’. திருச்சி என்றாலே ஒரு காலத்தில் லண்டனில் சுருட்டுதான் ஞாபகம் வரும். ஷெர்லக் ஹோம்ஸின் முதல் நாவலிலேயே, 1887இல், கொலை நடந்த அறையின் தரையில் கிடந்த சாம்பலைப் பார்த்து, கொலைகாரன் பிடித்தது டிரிச்சினாப்பொலி சுருட்டு என்று ஹோம்ஸ் சொல்லிவிடுகிறார். உலகத்தின் மிகப் பெரிய துப்பறிவாளர் எடுத்த எடுப்பிலேயே பிடித்துக்கொண்டது நம்ம ஊர்ச் சாம்பல்! உறையூரில் பரம்பரையாகச் சுருட்டுத் தொழில் செய்கிற ஒருவரிடம் போய் இதை மூச்சுவிடாமல் சொன்னேன். புகையிலையைப் பதம் பார்த்து ஈரத்துணியில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை. முழுக்கக் கேட்டுவிட்டு, ‘கொன்னவன் நம்ம சுருட்டா குடிச்சான்?’ என்றார். ஆமாம் என்றேன். ‘அப்ப இதை வெளிய சொல்லாதீங்க சார். ஏற்கெனவே யாவாரம் சரியில்ல.’

கடைசியாக ஒரு நிஜ இங்கிலாந்துக்காரன் சிக்கினான். சிநேகிதர் ஒருவரின் விருந்தாளி, இருபத்துச் சொச்சம் வயது, முதுகில் பை. தெற்கு ராஜகோபுரத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். 236 அடி, பல நூற்றாண்டு மொட்டையாக நின்று 1987இல்தான் முடிந்தது என்று சொன்னேன். அவன் கழுத்தை வளைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான். நான் என் கடையை விரித்தேன். ‘ஓல்ட் சாப்’ என்றேன், ‘ஜாலி குட் ஷோ’ என்றேன், ‘ஸ்பிஃபிங்’ என்றேன். அவன் புன்னகையோடு, தன் தாத்தா இப்படித்தான் பேசுவார் என்று கேள்வி, தான் பிறப்பதற்குள் அவர் இறந்துவிட்டார் என்றான். தன்னை அனுப்பிவைத்த சிநேகிதர் எங்கே என்று கேட்டான். ‘அவுட் ஆஃப் ஸ்டேஷன்’ என்றேன். ரயிலைத் தவறவிட்டுவிட்டாரா என்று கவலைப்பட்டான். கம்பெனிக்காரன் தன் அதிகாரிகளைப் போட்டுவைத்த ஊருக்கு ஸ்டேஷன் என்று பெயர், ஊரில் இல்லாதவர் அவுட் ஆஃப் ஸ்டேஷன் என்று விளக்கினேன். அதை அவன் போனில் குறித்துக்கொண்டபோது, என் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு விளக்கம் உருப்படியாகப் போய்ச்சேர்ந்தது.

அந்தத் தெம்பில் அவனைக் காரில் ஏற்றிக்கொண்டு முக்கொம்பு கிளம்பினேன். ஜீயபுரம் தாண்டியதும் பஞ்சர். டிரைவர் இறங்கிப் பார்த்துவிட்டு, ‘ஒண்ணும் பிரச்சனை இல்ல சார், டிக்கியில ஸ்டெப்னி இருக்கு’ என்றார். அந்தப் பையன் என் பக்கம் திரும்பி, அவர் தமிழில் என்ன சொல்கிறார் என்று கேட்டான். டிக்கியும் ஸ்டெப்னியும் தமிழ் இல்லையப்பா, உன் பாட்டன் பேசிய பாஷை என்றேன். டிக்கி என்பது அந்தக் காலத்து வண்டிகளின் பின்பக்கம் மடக்கி விரிக்கிற ஆசனம், வேலைக்காரன் உட்கார. இதுவரை சரி. இங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். ஸ்டெப்னி லண்டனின் கிழக்கே இருக்கிற பேட்டை, அங்கே சக்கரம் செய்கிறவர்கள் குடியிருந்தார்கள், மொத்த உலகத்துக்கும் மாற்றுச்சக்கரம் அங்கிருந்துதான் போயிற்று என்று அடித்துவிட்டேன். அவன் அதையும் குறித்துக்கொண்டான். மறுநாள் ஊருக்கு விமானம் ஏறிவிட்டான்.

பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். முதலில் வந்த கார்களுக்கு மாற்றுச்சக்கரமே கிடையாது. பஞ்சர் ஆனால் ரோட்டோரத்தில் உட்கார்ந்து ஒட்டவேண்டியதுதான். 1904இல் வேல்ஸில் லானெல்லி என்ற ஊரில் தாமஸ் மாரிஸ் டேவிஸ் என்பவர் ஒரு வழி செய்தார். ஆரக்கால் இல்லாத வெறும் வளையம், அதில் காற்றடித்த டயர். அதைப் பஞ்சரான சக்கரத்தோடு சேர்த்துக் கவ்வவைத்து இறுக்கிக்கொண்டு வண்டியை ஓட்டலாம். அவர் தொழில் நடத்தியது ஸ்டெப்னி தெருவில். தெருவின் பெயரே சரக்குக்கும் பெயராயிற்று. லண்டன் பேட்டைக்கும் அந்தச் சக்கரத்துக்கும் ஒட்டில்லை. பிரிட்டனில் அந்தப் பெயர் செத்துப்போய், இப்போது அங்கே ஸ்பேர் வீல். நம் பஞ்சர் கடைகளில் மட்டும் அது இன்னும் ஸ்டெப்னிதான்.

ஆக, பிரிட்டிஷ்காரன் ஒருவனுக்கே தப்பான இங்கிலீஷை ஏற்றுமதி செய்தாயிற்று. அவன் தன் ஊரில் நாலு பேரிடம் சொல்லியிருப்பான். சிநேகிதர் மூலமாக விலாசம் வாங்கி, திருத்தம் கேட்டு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். முதல் வரியிலேயே ஒரு பழைய சொற்றொடர் வந்து விழுந்தது. கிழித்துப் போட்டுவிட்டேன்.

மேலே சொன்ன பூர்வீகங்களிலும் எங்காவது பிசகு இருக்கலாம், என் ராசி அப்படி. கண்டுபிடிக்கிறவர்கள் தயங்காமல் ஒரு கார்டு போடுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள், தமிழில் எழுதுங்கள்.